சோறும் கூரையும் கூலிக் கணக்கில்: குறைந்தபட்ச ஊதியமும் பண்டக் கூலியும்

குறைந்தபட்ச ஊதியம் என்பது எந்த ஒப்பந்தத்தாலும் அதற்குக் கீழே இறக்க முடியாத கூலியின் அடிமட்டம் என்றே பொதுவாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஆனால் அந்த அடிமட்டம் முழுவதும் கையில் பணமாக வந்து சேர வேண்டுமா, அல்லது முதலாளி போடும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிக் கொடுக்கும் அறைக்கும் ஒரு விலை வைத்து அதையும் கொடுத்த கூலியாகவே எழுதிக்கொள்ளலாமா என்ற கேள்வி, குறைந்தபட்ச ஊதியச் சட்டங்கள் தோன்றிய நாள் முதல் அவற்றைத் தொடர்ந்து வருகிறது. நூற்பாலை விடுதியிலும், தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலும், செங்கல் சூளை ஓரத்துக் குடிசையிலும், ஓட்டல் மாடியின் தகரக் கொட்டகையிலும் தங்கி வேலை செய்பவர்களுக்கு இது ஏட்டளவிலான கேள்வி அன்று. ‘சாப்பாடு, தங்குமிடம் இலவசம்’ என்று ஆள் தேவை விளம்பரங்களில் அச்சாகும் அந்த இலவசம் கூலிக்கு மேற்பட்ட சலுகையா, கூலியிலிருந்தே கிள்ளி எடுக்கப்பட்ட பங்கா என்பதைப் பொறுத்தே அவர்களுடைய மாதச் சம்பளத்தில் ஒரு பெரும்பகுதி நிற்கும் அல்லது போகும்.

பணமாக அல்லாமல் பொருளாகவோ வசதியாகவோ தரப்படும் கூலியைப் பண்டக் கூலி எனலாம். தமிழகத்துக்கு இது புதிதன்று. காவிரிப் படுகையின் நிலங்களில் பண்ணையாட்களின் கூலி மரக்கால் கணக்கில் நெல்லாகவே அளக்கப்பட்டது. அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க 1952-இல் இயற்றப்பட்ட தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் அந்த வழக்கத்தை ஒழிக்காமல், குறைக்க முடியாத அளவை நெல்லிலேயே நிர்ணயித்தது. அறுவடை நேரத்தில் விலை சரிந்து, பஞ்ச காலத்தில் விலை ஏறும் ஓர் ஊரில் நெல்லாக வரும் கூலி, காசாக வரும் கூலியைவிடத் தொழிலாளிக்குப் பாதுகாப்பாக இருந்ததும் உண்டு. ஆகவே பண்டக் கூலி என்றாலே சுரண்டல் என்று முடிவு கட்டிவிட முடியாது. அளக்கும் மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிரிட்டனில் 1831-இல் வந்த ட்ரக் சட்டம், குறிப்பிட்ட தொழில்களில் கூலியை நாணயமாகவே தர வேண்டும் என்று கட்டளையிட்டது. முதலாளியே கடை நடத்தி, அந்தக் கடைச் சரக்கையே கூலியாகத் தலையில் கட்டிய முறையை ஒழிப்பது அதன் நோக்கம். ஆயினும் அதே சட்டம், தொழிலாளி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தால், முதலாளி தரும் வீட்டுக்கான வாடகையையும், முதலாளியின் கூரையின் கீழ் சமைத்து அங்கேயே உண்ணப்படும் உணவின் விலையையும் கூலியிலிருந்து பிடித்துக்கொள்ள அனுமதித்தது. வீட்டு வேலையாட்களும் பண்ணை வேலையாட்களும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரவே இல்லை. கடைச் சரக்குக்கு அடைக்கப்பட்ட கதவு சோற்றுக்கும் கூரைக்கும் திறந்தே இருந்தது என்பதும், அவற்றைச் சார்ந்தே வாழ்ந்த இரு பிரிவினரும் வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதும் பின்னாளில் வந்த சட்டங்களைப் படிக்கும்போது நினைவில் வைக்கத்தக்கவை.

இலங்கைத் தோட்டங்களில் இந்தப் பிரச்சினை வேறொரு வடிவம் எடுத்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் கொண்ட குறைந்தபட்சக் கூலி (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆண், பெண், சிறார் என்று தனித்தனியாகக் கூலி விகிதங்களை வகுத்த அந்த ஏற்பாட்டில், தோட்டம் வழங்கும் அரிசியின் விலையும் கூலியோடு பிணைக்கப்பட்டிருந்தது. அரிசி விலை தெரியாமல் கூலியின் பொருளைச் சொல்ல முடியாத நிலை அது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் தோட்டங்களைத் தாக்கியபோது கூலி வெட்டப்பட்டது. கூடவே அரிசி விலையும் குறைக்கப்பட்டது. ஒரு கையில் எடுத்ததை மறு கையில் எவ்வளவு திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைக் கணக்கிடும் ஆற்றல் துரைமார் சங்கத்துக்கும் அரசுக்கும் இருந்த அளவுக்கு லயன் வீடுகளில் இருந்தவர்களுக்கு இருந்திருக்க முடியாது.

சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இவ்விஷயத்தில், பலர் நினைப்பதைவிடக் கண்டிப்பானதாக இருந்தது. அதன் 11-ஆம் பிரிவு, குறைந்தபட்ச ஊதியம் பணமாகவே தரப்பட வேண்டும் என்று தொடங்கியது. முழுவதையுமோ ஒரு பகுதியையோ பண்டமாகத் தரும் வழக்கம் ஏற்கெனவே இருந்து, அரசும் அவசியம் எனக் கருதி அறிவிக்கை வெளியிட்டால் மட்டுமே அதற்கு விலக்கு இருந்தது. அத்தியாவசியப் பொருள்களைச் சலுகை விலையில் தருவதற்கும் அத்தகைய அனுமதி வேண்டியிருந்தது. வீட்டைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஊதியம் என்ற சொல்லின் இலக்கணத்திலேயே வீட்டு வசதி, விளக்கு, தண்ணீர், மருத்துவ உதவி ஆகியவற்றின் மதிப்பை வெளியே தள்ளியது. வீட்டு வாடகைப்படி என்று பணமாகக் கொடுத்தால் அது ஊதியமாக இருந்தது. வீடாகக் கொடுத்தால் அதன் மதிப்பு ஊதியம் ஆகவில்லை. மாங்கனீசு ஓர் (இந்தியா) நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளி ஒருவருக்கும் இடையே நடந்து 1990-களின் தொடக்கத்தில் தீர்ந்த வழக்கில், சலுகை விலையில் தானியம் கொடுத்ததன் பண மதிப்பைக் குறைந்தபட்ச ஊதியத்தில் கழித்துக்கொள்ள முயன்ற நிர்வாகத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசின் அறிவிக்கை இல்லாதவரை தானியம் தானியம்தான், அது ஊதியம் ஆகிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அனுமதி கிடைத்த இடத்தில் விலை எப்படிப் போடப்பட்டது? 1950-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 20-ஆம் விதி, மிக அருகில் உள்ள சந்தையின் சில்லறை விலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான அளவுகோலாகவே தோன்றும். ஆனால் 300 பேருக்குச் சமைக்கும் ஒரு மெஸ்ஸுக்கு அரிசி மூட்டை மூட்டையாக மண்டியிலிருந்து வருகிறது. பருப்பும் எண்ணெயும் மொத்த விலையில் வருகின்றன. விறகும் கேஸும் தலைக்குப் பிரித்தால் அற்பம். சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் இடையே உள்ள லாபம், இந்த விதியின்படி, கூலி என்ற பெயரில் முதலாளியிடமே தங்கிவிடும். தமிழகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கும் மாநிலத்தில், ஊரில் இருந்தால் காசில்லாமல் கிடைத்திருக்கும் அரிசிக்கு விடுதியில் சந்தை விலை வைத்துக் கூலியில் கழிப்பது எந்த அர்த்தத்தில் சமமான மாற்று என்பதை 1950-இன் விதி முன்கூட்டி யோசித்திருக்க வழியில்லை.

அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு நியாய உழைப்புத் தரச் சட்டம் நேர்மாறான அளவுகோலை எடுத்துக்கொண்டது. உணவு, தங்குமிடம் போன்ற வசதிகளின் ‘நியாயமான அடக்கச் செலவு’ ஊதியத்தில் சேரும் என்று அதன் ஊதிய வரையறை சொல்கிறது. அந்தச் செலவு முதலாளிக்கு உண்மையில் ஆன செலவைத் தாண்டக் கூடாது, அதில் லாபம் சேரக் கூடாது, அதற்கான கணக்குகளை அவர் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று விதிகள் விளக்குகின்றன. அந்த வசதி அவ்விடத்தில் வழக்கமாகத் தரப்படுவதாகவும், முதன்மையாகத் தொழிலாளியின் நன்மைக்கானதாகவும் இருக்க வேண்டும். தங்குமிடத்தைப் பொறுத்தவரை தொழிலாளி தாமாக விரும்பி ஏற்றிருக்கவும் வேண்டும். ‘யாருடைய நன்மைக்கு’ என்ற இந்தச் சோதனையே அந்தச் சட்டத்தின் கூர்மையான பகுதி. இரவும் பகலும் கூப்பிட்ட நேரத்தில் ஆள் வேண்டும் என்பதற்காகத் தொழிலிடத்திலேயே ஒருவரைத் தங்க வைத்தால், அந்த அறை முதலாளியின் தேவைக்கானது. அதன் செலவைத் தொழிலாளியின் கூலியில் ஏற்ற முடியாது. உணவு விஷயத்தில் மட்டும் அமெரிக்கச் சட்டம் இளகிவிடுகிறது: மனிதன் எங்கிருந்தாலும் சாப்பிடத்தான் வேண்டும் என்ற தர்க்கத்தில், சாப்பாடு எப்போதும் தொழிலாளியின் நன்மைக்கே என்று அதன் விதிகள் கருதுகின்றன. அடக்கச் செலவு முறையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் செலவு என்ன என்பது முதலாளியின் பேரேட்டில் மட்டுமே இருக்கும். தேய்மானம், வட்டி, பராமரிப்பு என்று அதில் ஏற்றப்படும் தொகைகளைத் தொழிலாளி சரிபார்ப்பது நடவாத காரியம்.

பிரிட்டன் இந்த இரண்டு வழிகளையும் விட்டு, விலை போடும் வேலையையே அரசு எடுத்துக்கொள்ளும் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. 1999-இல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தபோதே, சாப்பாடு உட்பட எந்தப் பண்டத்தின் மதிப்பும் அதில் சேராது என்று விதிக்கப்பட்டது. தங்குமிடத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான ஈட்டுத்தொகை வகுக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அது நாளொன்றுக்கு 10.66 பவுண்டாக, அதாவது வாரத்துக்கு 74.62 பவுண்டாக இருந்தது; அந்த ஆண்டு 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான மணி ஊதியம் 12.21 பவுண்டு. அந்த விகிதத்தில் வாரம் 40 மணி நேரம் உழைப்பவருக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சம் 488.40 பவுண்டு. முதலாளி அறையை இலவசமாகக் கொடுத்தால் 74.62-ஐக் கழித்துக்கொண்டு 413.78 பவுண்டு கொடுக்கலாம். மாறாக, முழுக் கூலியையும் கொடுத்துவிட்டு அறைக்கு 100 பவுண்டு வாடகை வாங்கினால், ஈட்டுத்தொகைக்கு மேற்பட்ட 25.38 பவுண்டு கூலிக் குறைப்பாகவே கருதப்படும். அவருடைய ஊதியம் சட்டத்தின் கண்ணில் 463.02 பவுண்டாக, அதாவது மணிக்கு 11.58 பவுண்டுக்கும் குறைவாக இறங்கிவிடும், முதலாளி சட்டத்தை மீறியவராவார். மின்சாரம், எரிவாயு, கட்டில் மேசை என்று தனித்தனியாகக் கட்டணம் எழுதினாலும் அவை வாடகையோடு சேர்த்தே பார்க்கப்படும். அறை நல்லதா மோசமா என்று இந்தத் தொகை பார்ப்பதில்லை என்பது அதன் குறை. ஆனால் கூலியில் சேர்ப்பது, கூலியிலிருந்து பிடிப்பது என்ற இரண்டு வழிகளையும் ஒரே எண்ணைக் கொண்டு அடைத்திருப்பது, இக்கட்டுரை பார்க்கும் சட்டங்களில் இதில்தான் உண்டு.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி ஆழம் உண்டு. இங்கே குறைந்தபட்ச ஊதியம் எதனால் ஆனது என்பதற்கே ஒரு சூத்திரம் இருக்கிறது. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, உழைப்பவர், துணை, இரண்டு குழந்தைகள் ஆகியோரை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் இதரச் செலவுகளுக்கும் மொத்த ஊதியத்தில் 20 சதவீதம் என்று வரையறுத்தது. கலோரிக் கணக்குக்கு அடிப்படையாக அமைந்தது வாலஸ் ஆக்ராய்டின் பரிந்துரை. அவர் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்தியவர், சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் இருந்த ஊரில் உழைப்பவரின் உணவைப் பற்றி ஆராய்ந்தவர் என்பது இவ்விடத்தில் சொல்லத்தக்கது. 1991-இல் ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்காக இன்னொரு 25 சதவீதத்தைச் சேர்த்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்காக 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் இதையே பின்பற்றி, வீட்டு வாடகையை உணவு, உடைச் செலவில் 10 சதவீதம் என்று வைத்தன.

இந்தச் சூத்திரத்தை ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்த்தால் விடுதிக் கணக்கின் முரண் தெளிவாகும். மாதக் குறைந்தபட்ச ஊதியம் 12,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதில் இதரச் செலவு 2,400 ரூபாய், கல்வி, மருத்துவம் முதலியவை 3,000 ரூபாய், உணவும் உடையும் 6,000 ரூபாய், வாடகை வெறும் 600 ரூபாய் என்று அமையும். ஒரு முழுக் குடும்பத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கூரைக்கு ஊதியத்தில் ஒதுக்கப்பட்டது இருபதில் ஒரு பங்கு. அதே தொழிலாளிக்கு ஆறு பேர் படுக்கும் அறையில் ஓர் இரும்புக் கட்டிலைக் கொடுத்து, அதற்கு 1,500 ரூபாய் என்று எழுதினால், ஒரு கட்டிலின் விலை ஒரு குடும்பத்து வீட்டின் விலையைப் போல் இரண்டரை மடங்கு ஆகிறது. அதைவிட முக்கியமானது, அந்தக் கட்டில் குடும்பத்து வீட்டுக்கு மாற்றே அன்று என்பது. தேனியிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ திண்டுக்கல் பக்கத்து மில்லுக்கு வந்து விடுதியில் தங்கும் இளம்பெண்ணின் பெற்றோரும் தம்பி தங்கையும் ஊரில் ஒரு வீட்டில்தான் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். மூன்று அலகுகளுக்காகக் கணக்கிட்ட ஊதியத்திலிருந்து ஓர் அலகின் சாப்பாட்டுச் செலவைக் கழிப்பதற்கு ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். குடும்பம் வாழாத இடத்துக்கு வாடகையைக் கழிப்பதற்குச் சூத்திரத்தில் இடமே இல்லை.

நடைமுறையில் தமிழக நூற்பாலைகளின் விடுதி முறையில் பெரும்பாலும் பயன்பட்டது கூலியில் சேர்க்கும் வழியன்று, கூலியிலிருந்து பிடிக்கும் வழி. சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்ற ஏற்பாட்டில், மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, அதுவரை பயிற்சியாளர் என்ற பெயரில் சிறு தொகையே தரப்பட்டது. மெஸ் கட்டணமும் அதிலிருந்தே போனது. இத்தகைய பிடித்தங்களுக்குச் சட்டம் முற்றிலும் தடை போட்டதில்லை. 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டம் முதலாளி தரும் வீட்டுக்கான பிடித்தத்தை அனுமதித்தது. தொழிலாளி அதை வேலை நிபந்தனையாக ஏற்றிருக்க வேண்டும், பிடிக்கும் தொகை அந்த வசதியின் மதிப்பைத் தாண்டக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்தது. ஒட்டுமொத்தப் பிடித்தம் பொதுவாக ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதன் விளைவு விசித்திரமானது: வீட்டின் மதிப்பைக் குறைந்தபட்ச ஊதியத்தில் சேர்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் சொல்ல, முழு ஊதியத்தையும் சம்பளச் சீட்டில் எழுதிவிட்டு அடுத்த வரியில் அதே வீட்டுக்காகப் பிடித்துக்கொள்ள இன்னொரு சட்டம் வழிவிட்டது. சீட்டின் மேல் வரியைப் பார்க்கும் ஆய்வாளருக்கு மீறல் தெரியாது; கீழ் வரியைப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். ‘ஏற்றிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையும் பலவீனமானதே. விடுதியில் தங்காவிட்டால் வேலை இல்லை என்ற இடத்தில் கையெழுத்து என்பது சம்மதத்துக்குச் சான்றாகாது.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, மேற்சொன்ன இரண்டு சட்டங்களையும் தன்னுள் எடுத்துக்கொண்டது. அதன் ஊதிய வரையறை வீட்டு வசதியின் மதிப்பைப் பழையபடியே வெளியே வைக்கிறது. ஆனால் அதே வரையறையின் விளக்கக் குறிப்பு, ஊதியத்துக்குப் பதிலாகப் பண்டமாக ஏதேனும் தரப்பட்டால், மொத்த ஊதியத்தில் 15 சதவீதத்துக்கு மேற்படாத அதன் மதிப்பு ஊதியத்தின் பகுதியாகவே கருதப்படும் என்கிறது. பழைய சட்டத்தில் இல்லாத ஓர் உச்சவரம்பு கிடைத்திருக்கிறது என்பது இதன் நல்ல பக்கம். மேலே சொன்ன 12,000 ரூபாய் எடுத்துக்காட்டில் அது 1,800 ரூபாய். சூத்திரத்தில் உணவுக்கும் உடைக்கும் வைத்த 6,000 ரூபாயில் ஓர் ஆளின் பங்கான 2,000 ரூபாயில் உடைச் செலவை நீக்கிவிட்டால் ஏறத்தாழ அந்தத் தொகையே வரும். ஆகவே மெஸ் சாப்பாட்டை மட்டும் எண்ணினால் 15 சதவீதம் பெரிய அநீதி அன்று. அதற்கு மேல் அறைக்கும் விலை வைக்க இடமில்லை. சிக்கல், வெளியே வைக்கப்பட்ட ‘வீட்டு வசதி’க்கும் உள்ளே சேர்க்கப்பட்ட ‘ஊதியத்துக்குப் பதிலான பண்ட’த்துக்கும் இடையே உள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இருக்கிறது. விடுதி அறையை வேலை ஒப்பந்தத்தில் ஊதியத்துக்குப் பதிலானது என்று எழுதிவிட்டால் அது எந்தப் பக்கம் சேரும்? விளக்கக் குறிப்பு வரம்பைச் சொல்கிறதே தவிர, அந்த வரம்புக்குள் விலை போடுவது யார் என்பதைத் தானே சொல்வதில்லை. வீட்டுக்கான பிடித்தமும், பிடித்தங்களுக்கான 50 சதவீத வரம்பும் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன.

சட்டமே கட்டாயமாக்கிய வசதிகளின் நிலை இதைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பணியிடத்திலோ அதன் அருகிலோ தற்காலிகத் தங்குமிடத்தைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சொன்னது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்க்கு வீடு தருவதை உரிமையாளரின் கடமையாக்கியது. கடமையைச் செய்ததற்கு விலை கேட்க முடியாது என்பதே இயல்பான முடிவு. ஆனால் தோட்டக் கூலி பற்றிய பேச்சுவார்த்தைகளில் வீடு, விறகு, ரேஷன், மருத்துவமனை ஆகியவற்றின் செலவை நாட்கூலியோடு கூட்டிக் காட்டுவது நிர்வாகங்களின் வழக்கமான வாதமாகவே இருந்துவருகிறது. அசாம் தோட்டங்களில் அரிசியும் கோதுமை மாவும் கிலோ 54 பைசாவுக்குத் தரப்பட்டதைக் கூலியின் பகுதியாகவே காட்டும் வாதம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

வீட்டைக் கூலியாக எண்ணும்போது மறைந்துபோகும் இன்னொரு விஷயமும் தோட்டங்களில்தான் வெளிப்படுகிறது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற மலையில் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் நடத்திய தேயிலைத் தோட்டங்கள், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே 2024-இல் மூடப்படும் நிலைக்கு வந்து, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்கப்பட்டது. வேலை போனதும் வீட்டையும் காலி செய்ய வேண்டிய நிலை. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தங்களுக்கு வேறு ஊர் இல்லை என்று நீதிமன்றம் சென்றனர். நாட்கூலியாக வந்த பணத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து எங்காவது ஒரு சென்ட் நிலம் வாங்கியிருக்க முடியும். வீடாக வந்த கூலியை அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. எந்த விதியும், சந்தை விலையோ அடக்கச் செலவோ அரசு நிர்ணயித்த ஈட்டுத்தொகையோ, முதலாளி தரும் வீட்டின் மாத மதிப்பைக் கணக்கிடும்போது, வேலையோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்பதற்காக எதையும் கழிப்பதில்லை.